கன்னத்தில் புள்ளி வைத்த சிப்பாய்

செய்தித்தாளில் படத்துக்குக் கீழே வரும் வரியை யாரும் படிப்பதில்லை என்று நினைப்பவர்கள், அதில் ஒரு பெயரை இடம் மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். காலைக் காபி ஆறுவதற்குள் தொலைபேசி வந்துவிடும். நான் ஒரு நாளிதழில் அந்த வரிகளை எழுதும் மேசையில் இருந்தவன். என் வாழ்க்கையில் அதிகம் எழுதிய சொற்கள் 'இடமிருந்து வலமாக' என்பதாகத்தான் இருக்கும். பள்ளி ஆண்டு விழா, குடியிருப்போர் சங்கம், கண் சிகிச்சை முகாம் என்று எங்கே போனாலும் மனிதர்கள் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதில் யார் யார் என்று சொல்வது என் வேலை. அந்த வேலை ஒருநாள் பொம்மைச் சிப்பாய்களுக்கும் தேவைப்படும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அவை. நான் கீழ்க்கட்டளையில் குடியிருந்தேன். கல்லூரியில் என்னோடு படித்த நண்பன் பம்மலில் ஒரு சிறிய வார்ப்புப் பட்டறை நடத்திக்கொண்டிருந்தான். அவன் அத்தா காலத்தில் அது பெல்ட் பக்கிள் செய்யும் பட்டறை. சுற்றிலும் தோல் தொழிற்சாலைகள் இருந்தன. தோல் இருந்தால் பெல்ட், பெல்ட் இருந்தால் பக்கிள். இங்கிலாந்து வியாபாரி ஒருவர், பக்கிள் ஊற்றும் அதே ரப்பர் அச்சு முறையில் பொம்மைச் சிப்பாய் ஊற்ற முடியுமா என்று கேட்டார். நண்பன் முடியும் என்றான். செய்தும் காட்டினான். பிறகு பக்கிள் வாங்கிக்கொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராக அனுப்பிவிட்டு, பட்டறை முழுவதையும் சிப்பாய்களுக்கு மாற்றினான். அவனுக்கு இருந்தது ஒரே ஒரு வாடிக்கையாளர். அவரும் கடலுக்கு அந்தப் பக்கம்.

ஒரு விடுமுறை நாளில் என்னைக் கூப்பிட்டனுப்பினான். போனபோது, பிரவுசிங் சென்டரில் அச்செடுத்த மின்னஞ்சல் தாளை நீட்டினான்.

"படிச்சுப் பாரு மச்சான். பொம்மை நல்லா இருக்காம். பொட்டிதான் சரியில்லையாம். பொண்ணு புடிச்சிருக்கு, மண்டபம் புடிக்கலன்னு சொல்ற மாதிரி இருக்கு."

வியாபாரி எழுதியது அதைவிடக் கண்டிப்பாக இருந்தது. இந்தப் பொம்மைகளை வாங்குபவர்கள் குழந்தைகள் அல்ல, சேகரிப்பாளர்கள். கண்ணாடி அலமாரியில் அணிவகுத்து வைப்பார்கள், பிறகு எடுத்துப் பெட்டியில் வைப்பார்கள். எங்கள் பெட்டிகள் எல்லாம் ஒரே வெள்ளை. மூடியில் பால்பாயின்ட் பேனாவால் ஒரு எண். வெளியே எடுத்த சிப்பாய் எந்தப் படைப்பிரிவைச் சேர்ந்தவன், எந்தப் பெட்டிக்குத் திரும்ப வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்த சரக்கும் இப்படியே வந்தால் வேறு பட்டறையைத் தேட வேண்டியிருக்கும் என்று முடித்திருந்தார்.

உள்ளே போய்ப் பார்த்தேன். முன்னறையில் உலையும் அச்சும். நடு அறையில் அரத்தால் பிசிறு ராவுகிறவர்கள். பின்னறையில் சன்னல் வெளிச்சத்தில் ஏழெட்டுப் பெண்கள் பாயில் உட்கார்ந்து பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். தட்டுத் தட்டாகச் சிப்பாய்கள் காய்ந்துகொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் சிவப்புச் சட்டை. உற்றுப் பார்த்தால்தான் சட்டைக் கைநுனியில் ஒரு பட்டை தெரியும். சிலருக்கு மஞ்சள், சிலருக்குப் பச்சை, சிலருக்குக் கருநீலம். படைப்பிரிவை அந்தப் பட்டைதான் சொல்கிறது. பட்டறைக்குள் அந்தக் குழப்பம் இல்லை. அவர்களுக்கென்று பெயர்கள் இருந்தன. ஸ்காட்லாந்து வீரன் 'பாவாடை'. உயரமான கரடித்தோல் தொப்பிக்காரன் 'கொண்டை'. தோல்பையில் குழல் செருகி ஊதுகிறவன் 'நாயனம்'. "ரெண்டு பாவாடை கம்மியா கீது, இன்னொரு நாயனம் குடு" என்று பெட்டி கட்டும் இடத்தில் குரல் கேட்டது.

சிப்பாய்களைச் சுற்றிய தாள் எங்கள் பத்திரிகைதான். ஒரு கொண்டைக்காரனைப் பிரித்தபோது, அவன் தோளில் நான் எழுதிய 'இடமிருந்து வலமாக' ஒட்டிக்கொண்டிருந்தது. வழி அங்கேயே கிடைத்தது.

பெட்டியைத் திறந்தால் தெரிவது ஒரு குழுப் படம். அதற்குத் தேவை படவரி. பெட்டிக்குள் அழுத்தமான அட்டை ஒன்றை வைத்து, சிப்பாய்களை நூலால் அதில் கட்டிவிட வேண்டும். ஒவ்வொருவர் காலடியிலும் அவர் யார் என்று அச்சடித்திருக்க வேண்டும். சிப்பாயை எடுத்துவிட்டாலும் அவர் நின்ற இடத்தில் பெயர் இருக்கும். வெளியே, பெட்டியின் குறுகிய பக்கத்தில் இன்னொரு லேபிள். அலமாரியில் அடுக்கினால் புத்தகத்தின் முதுகு போல அதுதான் கண்ணுக்குத் தெரியும். படைப்பிரிவின் பெயர், எந்தக் காலத்துச் சீருடை, கூடவே கைநுனிப் பட்டையின் நிறத்திலேயே ஒரு கோடு. ஆங்கிலம் தெரியாதவர்கூட நிறத்தை வைத்துப் பெட்டியைக் கண்டுபிடித்துவிடலாம்.

"பெட்டிக்கு இவ்வளவு படிப்பா?" என்றான் நண்பன். ஆனால் மறுநாளே அட்டை வெட்டக் கொடுத்துவிட்டான்.

மேற்கு தாம்பரத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் ஒன்றில் லேபிள் அடித்தோம். கருநீலத்தைச் சரியாகக் கொண்டுவர, பெயின்ட் அடித்த சிப்பாய் ஒருவனையே அச்சகத்துக்குக் கூட்டிப்போய் மை கலக்க வைத்தோம். வியாபாரி அனுப்பியிருந்த குறிப்புகளை வைத்துப் படைவரிசைப்படி எழுதினேன். முதலில் அதிகாரி, பிறகு கொடி பிடிப்பவர், மேளக்காரர், கடைசியில் சாதாரணச் சிப்பாய்கள். சரக்கு போயிற்று.

பதில் வந்தபோது நண்பன் அலுவலகத்துக்கே தொலைபேசி செய்தான். குரல் சரியாக இல்லை.

லேபிள்களை வியாபாரி பாராட்டியிருந்தார். அதற்கடுத்த பத்தியில்தான் விஷயம். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சிப்பாயின் இடது கன்னத்தில் சிறிய கரும்புள்ளி இருக்கிறது. ஒரு பெட்டியில் மேளக்காரருக்கு, இன்னொன்றில் கொடிக்காரருக்கு. லேபிளில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சிலர் அதைப் பெயின்ட் சிந்திய குறை என்று மாற்றித் தரக் கேட்கிறார்கள். சிலர் புள்ளி வைத்தவன் தனி வகை, தங்கள் தொகுப்பில் அது விட்டுப்போயிற்று என்று அலைகிறார்கள். குறை என்றால் ஒப்பந்தம் இத்தோடு முடிந்தது. தனி வகை என்றால் லேபிள் அதைச் சொல்ல வேண்டும். இந்தியா வரப் போவதாகவும், பட்டறைக்கே வந்து பெட்டிகளைத் திறந்து பார்த்து முடிவு செய்வதாகவும் எழுதியிருந்தார்.

புள்ளி முந்தைய சரக்கிலும் இருந்தது. அப்போது யாரும் கேட்கவில்லை. பெயர் போட்ட பிறகுதான் முகத்தைப் பார்க்கிறார்கள். பத்திரிகையிலும் அப்படித்தான்.

பின்னறையில் மூத்தவர் ஒரு அக்கா. அனகாபுத்தூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார். முகம், கண், கைநுனிப் பட்டை மூன்றும் அவர் கையால்தான் முடியும். மற்றவர்கள் அடித்ததையும் அவர் ஒருமுறை பார்த்துத்தான் பெட்டி கட்டும் இடத்துக்கு அனுப்புவார். நண்பன் ஒரு சிப்பாயை அவர் முன்னால் வைத்தான்.

"அக்கா, இது இன்னா?"

"புள்ளி."

"புள்ளின்னு தெரியுது. யாரு வெச்சது?"

"நாந்தான் வெச்சேன். பின்ன தானா மொளைக்குமா?" பிரஷ்ஷைக் கீழே வைக்காமலே சொன்னார். "புதுசா, செவப்பா, பளபளன்னு கடல் தாண்டிப் போவுதுங்க. எவன் கண்ணு எப்படியோ? பொட்டிக்கு ஒர்த்தனுக்கு வெச்சா போதும், மொத்த பேரும் தப்பிச்சுக்குவான்."

"இது பொம்மைக்கா."

"உன் புள்ள பொறந்தப்போ இம்மாம் பெரிய மைப்பொட்டு வெச்சுக்கினு தூக்கியாந்து காட்டுனியே, மறந்துபூட்டியா? மொத சரக்கு ஞாபகம் கீதா? எல்லாத் துப்பாக்கியும் ஒடஞ்சு வந்துச்சே. புள்ளி வெச்சப்புறம் ஒண்ணாவது ஒடஞ்சுதா?"

"அதுக்கப்புறம் பஞ்சு வெச்சுக் கட்டுனோம்கா. அதனால ஒடையல."

"பஞ்சு வெக்கணும்னு உனுக்கு எப்போ புத்தி வந்துச்சு? நான் புள்ளி வெச்சப்புறந்தான?"

பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். நண்பன் என்னைப் பார்த்தான்.

புள்ளியைத் தின்னர் வைத்துத் துடைத்துவிடலாம் என்றான். அக்கா பிரஷ்ஷைக் கீழே வைத்தார். புள்ளி இல்லாமல் போகும் பெட்டியில் தன் கை படாது என்றார். மற்றவர்களும் கையை எடுத்துக்கொண்டார்கள். நண்பன் இறங்கி வந்தான்.

"சரிக்கா, கன்னத்துல வேணாம். காலுக்கு அடியில வெச்சுடுங்க. யாருக்கும் தெரியாது."

"கண்ணு வெக்கிறவன் ஆளைக் கவுத்துப் போட்டா பாப்பான்? மூஞ்சியத்தான பாப்பான்? போவியா அந்தாண்ட."

வீட்டிலும் அவனுக்கு ஆதரவு கிடைக்கவில்லை. அவன் அம்மா எல்லாம் கேட்டுவிட்டு, "நஜர் விழாம இருக்கத்தானே வெச்சா, அவளை ஏண்டா பேஜார் பண்றே?" என்று சொல்லிவிட்டாராம்.

நான் மேசையில் உட்கார்ந்து ஒரு படத்தைப் பார்ப்பதுபோல இதைப் பார்த்தேன். படத்திலிருந்து எடுக்க முடியாத ஒன்று இருந்தால், அதை வரியில் சேர்த்துவிட வேண்டும். மேடை ஓரத்தில் சம்பந்தமில்லாத ஒருவர் நின்றிருந்தால் 'அருகில் நிற்பவர்' என்று எழுதுவோம், பிறகு யாரும் கேட்பதில்லை. புள்ளியையும் லேபிளில் எழுதிவிடலாம். ஆனால் அதற்கு அது எல்லாப் பெட்டியிலும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும். இப்போது இருக்கும் புள்ளி எந்த ஒழுங்கில் வைக்கப்படுகிறது என்று அக்காவிடம் கேட்டேன்.

"ஒழுங்கு இன்னா ஒழுங்கு? பொட்டியில எவன் ரொம்ப அழகா வந்துக்கீறானோ அவனுக்கு வெப்பேன். கண்ணு அவன் மேலதான மொதல்ல வுழும்?"

அதில் தவறு சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் அழகன் யார் என்று இப்போதே ஒரேயடியாக முடிவு செய்துவிட்டால் என்ன என்று கேட்டேன். அந்த ஆளையே வரிசையில் முதலாவதாக நிறுத்துவோம். லேபிளும் அவரிடமிருந்தே தொடங்கும். ஆனால் அதற்குப் பிறகு புள்ளி மாறக் கூடாது.

அக்கா பாயில் இருந்த பெண்களை ஒருமுறை பார்த்தார். "மாத்த மாட்டேன். ஆனா ஆளை நாங்கதான் சொல்லுவோம். நீ பேப்பர்ல படிச்சுட்டு வந்து சொல்லக் கூடாது சார்."

அன்று மதியம் சாப்பாட்டு டப்பாக்களை ஒதுக்கி வைத்துவிட்டு, பெட்டிவாரியாகச் சிப்பாய்களைப் பாயில் நிறுத்தினார்கள். நான் பல தேர்வுக் குழுக்களைப் பற்றிச் செய்தி திருத்தியிருக்கிறேன். இவ்வளவு கறாரான குழுவைப் பார்த்ததில்லை. பாவாடைப் பெட்டியில் நாயனம் ஊதுகிறவன் பேச்சே இல்லாமல் ஜெயித்தான். மஞ்சள் பட்டைப் பெட்டியில் மேளக்காரனுக்கும் கொடிக்காரனுக்கும் இழுபறி. கொடிக்காரனுக்கு மூக்கு கூர் என்று ஒருத்தி சொன்னாள். "மூக்க வெச்சுக்கினு இன்னா பண்றது, நிக்கிற நெலயப் பாரு" என்று அக்கா மேளக்காரன் பக்கம் முடித்து வைத்தார். ஒரு பெட்டியிலும் அதிகாரி தேறவில்லை.

"அவர்தான்கா எல்லாருக்கும் பெரியவர்," என்றேன்.

"மொறைக்கிறாரு. மொறைக்கிறவனுக்கு எதுக்குக் கண்ணு படும்?"

நான் படைவரிசைப்படி எழுதிய லேபிள்களைக் கலைத்து, அழகு வரிசைப்படி திரும்ப எழுதினேன். மஞ்சள் பட்டைப் பெட்டியினுடையது 'இடமிருந்து வலமாக: இடது கன்னத்தில் கரும்புள்ளி உள்ள மேளக்காரர்' என்று தொடங்கியது. அதிகாரி இரண்டாவது இடத்துக்குப் போனார். தாம்பரம் அச்சகத்தில் மறுபடியும் மை கலந்தோம்.

வியாபாரி வந்தார். உயரமான, அதிகம் பேசாத வயதானவர். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தது பின்னறையில் அவருக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது. நண்பன் அன்று இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தான். "இன்ஷா அல்லா" என்று என் காதருகே ஒருமுறை சொல்லிவிட்டு, அவரை மேசைக்கு அழைத்துப்போனான்.

அடுக்கி வைத்திருந்த பெட்டிகளின் பக்கவாட்டு லேபிள்களை அவர் முதலில் தூரத்திலிருந்து பார்த்தார். நிறக்கோட்டை வைத்து ஒரு மஞ்சள், ஒரு பச்சை, ஒரு கருநீலம் என்று தானே உருவினார். நூல்களை வெட்டி மூன்று பெட்டிச் சிப்பாய்களையும் ஒரே தட்டில் கொட்டிக் கைவிட்டுக் கலக்கினார். பின்னறையிலிருந்து அக்கா பிரஷ்ஷோடு கதவருகே வந்துவிட்டார்.

பிறகு அவரே பிரிக்க ஆரம்பித்தார். கைநுனியின் நிறம் பார்த்து மூன்று கூட்டமாக ஒதுக்கினார். அது எளிதாக முடிந்தது. மஞ்சள் கூட்டத்தை எடுத்து, அட்டையைப் பார்த்து மேசையில் ஒரு வரிசையாக நிறுத்தினார். வேண்டுமென்றே எங்களைப் பார்த்து நிற்கும்படி திருப்பி வைத்துவிட்டு, அட்டையைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு கேட்டார்: லேபிள் இடமிருந்து என்கிறது. யாருடைய இடம்? என்னுடையதா, உங்களுடையதா, சிப்பாயுடையதா?

என் தொழிலில் இது பழைய கேள்வி. படம் திருப்பி அச்சாகிவிட்ட நாட்களில் நான் திட்டு வாங்கியதே இந்தக் கேள்வியால்தான். நான் வரிசையின் ஒரு கோடியில் நின்ற மேளக்காரனைச் சுட்டிக்காட்டினேன். புள்ளி இருக்கும் முனைதான் தொடக்கம். அலமாரியை எந்தப் பக்கம் திருப்பினாலும், எங்கிருந்து பார்த்தாலும், அவரிடமிருந்து எண்ணினால் சரியாக வரும்.

வியாபாரி குனிந்து மேளக்காரனின் கன்னத்தைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். மேளக்காரன், அதிகாரி, கொடி, சிப்பாய்கள் என்று விரலால் ஒவ்வொருவராகத் தொட்டுக்கொண்டே போனார். பச்சையிலும் செய்தார். கருநீலத்திலும் செய்தார். எங்கும் பிசகவில்லை. நிமிர்ந்து, இந்தப் புள்ளியை எதற்காகக் கண்டுபிடித்தீர்கள், வரிசையைக் காட்டுவதற்காகவா என்று கேட்டார்.

நண்பன் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்ததையும் பார்த்தேன். அதற்குள் பின்னறைக் கதவருகே நின்றிருந்த அக்கா கேட்டார்.

"இன்னா கேக்குறாரு சார்?"

சொன்னேன்.

"வரிசையாவது ஒண்ணாவது. கண்ணு படாம இருக்கத்தான்னு சொல்லு. அவுரு வூட்லயும் புள்ளைங்க இருக்கும்ல, அதுங்களுக்கும் வெக்கச் சொல்லு."

அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிய பகுதியையும் விடவில்லை. வியாபாரி அக்காவைப் பார்த்தார், மேளக்காரனைப் பார்த்தார், பிறகு சத்தமாகச் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒருமுறைதான். லேபிளில் ஒரே ஒரு குறை இருக்கிறது என்றார். நண்பன் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டார்.

அங்கேயே அட்டையின் பின்புறத்தில் எழுதினேன். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: 'கன்னத்தில் புள்ளி உள்ளவர் முதல் ஆள். மற்றவர்கள் மீது கண் படாமல் காப்பவர். பம்மலில் செய்யப்பட்டது.' கடைசி வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. செய்தி எங்கிருந்து வருகிறது என்று போட்டே பழகிய கை. வியாபாரி படித்தார், கீழே கையெழுத்துப் போட்டார், இனி வரும் எல்லாப் பெட்டிகளிலும் இது இருக்க வேண்டும் என்றார். எல்லாப் பெட்டிகளிலும் என்ற சொல்லை நண்பன் என்னிடம் திரும்பக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டான்.

அவர் வண்டி தெருமுனை திரும்பும்வரை வாசலில் மரியாதையாக நின்றான். திரும்பியதும் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். எடையில் நான் அவனைவிட அதிகம். பின்னறையில் யாரோ விசில் அடித்தார்கள். எல்லாருக்கும் பிரியாணி என்று அறிவித்தான். "மேளக்காரனுக்கும் ஒரு பொட்டலம் சொல்லு" என்றார் அக்கா.

அதற்குப் பிறகு சரக்கு நிற்கவில்லை. மாற்றித் தரச் சொன்ன பழைய புள்ளிச் சிப்பாய்களை யாரும் திருப்பி அனுப்பவில்லை. கொடிக்காரனுக்குப் புள்ளி வைத்த அந்தப் பெட்டி இன்னும் கிடைக்குமா என்று விசாரித்துத்தான் மின்னஞ்சல்கள் வந்தன. எங்கள் பெட்டிகளைச் சேகரிப்பாளர்கள் தங்களுக்குள் 'பம்மல்' என்றே குறிப்பிடுவதாக வியாபாரி எழுதினார். பக்கத்துக் கட்டடம் காலியானபோது நண்பன் அதையும் வாடகைக்கு எடுத்தான். பின்னறைப் பெண்களுக்கு இரண்டு சன்னல் கூடுதலாகக் கிடைத்தது.

சில மாதங்கள் கழித்து வியாபாரியின் விற்பனை கேடலாக் தபாலில் வந்தது. வழவழப்பான தாள். அட்டையிலேயே எங்கள் மஞ்சள் பட்டைப் பெட்டி, திறந்த நிலையில், வண்ணப் படமாக. கீழே படவரி. நான் எழுதியதுதான். முதல் வேலையாக அதைத்தான் படித்தேன், ஒவ்வொரு சொல்லாக. மற்றவர்கள் வாக்கியத்தை வெட்டியே பழகியவனுக்குத் தெரியும், அச்சுக்குப் போகும் வழியில் எத்தனை கத்தரிகள் காத்திருக்கும் என்று. இதில் ஒரு சொல்கூட உதிரவில்லை. பம்மலும் இருந்தது.

கேடலாக் பின்னறைக்குப் போயிற்று. கைமாறி அக்காவிடம் வந்தது. படவரியில் அவருக்கு அக்கறை இல்லை. படத்தைச் சன்னல் பக்கம் சாய்த்து மேளக்காரனின் முகத்தைத் தேடினார்.

"புள்ளி தெரியுதா?" என்றேன்.

"தெரியுது." திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு அட்டை முழுவதையும் ஒருமுறை பார்த்தார். "இத்தினி பேரு பாப்பானுங்களா இத?"

"ஊர் ஊராப் போகும்கா."

அவர் கறுப்பு பெயின்ட்டில் பிரஷ் நுனியைத் தொட்டார். என்ன செய்யப் போகிறார் என்று நண்பனுக்குப் புரிந்து, பாயைத் தாண்டி ஓடி வருவதற்குள், வழவழப்பான அட்டையின் மூலையில் அழுத்தமாக ஒரு புள்ளி வைத்து முடித்திருந்தார்.

"அக்கா! ஒரே ஒரு கேடலாக்தான்கா வந்திருக்கு!"

"அதனாலதான் வெச்சேன்," என்று சொல்லிவிட்டு, புள்ளி காயும்படி அதைச் சிப்பாய்களோடு சேர்த்து வெயிலில் வைத்தார்.